ஆடாத படம்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு நாற்பத்தொன்பது. இதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

குருவின் பெயர் பூங்கோதை. மலைமேல் ஒரு சிறிய ஊரில், பஸ் நிலையத்துக்கு எதிரே, டீக்கடைக்கு மேல்மாடியில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு படம் பிடிப்பவர் என்று பெயர்.

சீடர் பொன்னுரங்கம், எஸ்டேட்டுகளுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். வார விடுமுறையில் மாடிக்கு வந்து கேமரா பழகினார். அவர் பூங்கோதையை "டீச்சர்" என்று கூப்பிடுவார். பூங்கோதை அவரை "அண்ணே" என்பார்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு காலை பொன்னுரங்கம் படியேறி வந்தார். உட்காரவில்லை.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க."

"படம் ஆடாம இருக்கறதுக்கு எது நல்லது? எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசரா, ஆப்டிக்கல் ஸ்டெபிலைசரா?"

"எதைப் படம் எடுக்கப் போறீங்க?"

"பாலத்தை."

"பாலம் எங்கேயும் ஓடாதே. எப்படி எடுத்தா என்ன?"

"ஓடல டீச்சர். ஆடுது."

நாலாம் நம்பர் பாலம் என்று அதற்குப் பெயர். இரு கரையிலும் கருங்கல் சுவர், நடுவில் ஆற்றுக்குள் ஒரு தூண். பொன்னுரங்கத்தின் பஸ் ஒரு நாளைக்குப் பல முறை அதைத் தாண்டும்.

"போன மாசம் காய்ச்சலோட டியூட்டி பார்த்தேன். நிக்க முடியல. கடைசி சீட்ல உக்காந்துட்டேன். பாலத்து நடுவுல போறப்ப சீட்டு அப்படியே கீழே எறங்கி மேலே வருது. காய்ச்சல்னு நெனச்சேன். திரும்பி வர்றப்பவும் அதேதான்."

"ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். ஏ.இ. ஜீப்புல வந்தார். ஜீப்புக்குப் பாலம் மரியாதை குடுத்து அசையாம நின்னுச்சு."

ஏ.இ. என்பது நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் கனகசபாபதி. கெட்டவர் அல்ல. பாலத்தை மூடினால் அந்தப் பக்கத்து லயன் வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எப்படிப் போவார்கள் என்று கேட்டார். கண்டக்டர் சொன்னார் என்பதற்காக ஒரு பாலத்தை மூட முடியாது என்றார். ஆடுவதைக் காட்டுங்கள், அன்றைக்கே எழுதுகிறேன் என்றும் சொன்னார்.

"அதான் டீச்சர். பாலம் ஆடுறதைக் காட்டணும்னா படம் ஆடக் கூடாதில்லையா? ஆடினா என் கைதான் ஆடுதுன்னு சொல்லிடுவார். மழை வேற வருது. ஆறு ஏறிட்டா அடியில எறங்கிக்கூடப் பார்க்க முடியாது. ஒரு டிரிப்புக்கு அறுபது பேர் போறாங்க."

பூங்கோதை அலமாரியிலிருந்து இரண்டு கேமராக்களை எடுத்து மேசைமேல் வைத்தார், ஒன்று சிறியது, ஒன்று பெரியது. பிறகு சொன்னார்.

"கீழே போய் எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்க. படியில ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

பொன்னுரங்கம் போனார். வந்தார். சிந்தவில்லை.

பூங்கோதை கிளாஸைப் பார்த்தார். "கால் கிளாஸைக் காணோமே."

"தளும்பும்னு குறைச்சு ஊத்தச் சொன்னேன்."

"இது எலக்ட்ரானிக்." குடித்துவிட்டு கிளாஸை நீட்டினார். "இன்னொண்ணு. இப்ப விளிம்பு வரைக்கும் ஊத்தச் சொல்லுங்க."

பொன்னுரங்கம் மறுபடியும் போனார். இந்த முறை கிளாஸ் நிறைந்திருந்தது. அவர் உடம்பு படிக்குப் படி ஏறியது. மணிக்கட்டு மட்டும் உடம்புக்கு எதிராக வளைந்து கொடுத்தது. டீ அசையாமல் மேலே வந்து சேர்ந்தது.

"சிந்தலையே!" என்றார் பூங்கோதை.

"டீச்சர், இருபது வருஷத்துக்கு மேல பஸ்ஸுல நிக்கறேன். இதுவரைக்கும் கம்பியைப் பிடிச்சதில்ல. கொண்டை ஊசி வளைவுல நின்னுக்கிட்டே சில்லறை எண்ணிக் குடுப்பேன். டிரைவரைக் கேட்டுப் பாருங்க."

"தெரியும். இது ஆப்டிக்கல்."

எலக்ட்ரானிக் வகை, காட்சியை ஓரங்களில் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். கை இடது பக்கம் ஆடினால் படத்தை வலது பக்கம் நகர்த்திவிட்டு, மிஞ்சும் ஓரத்தை வெட்டிவிடும். பார்ப்பவருக்கு ஆட்டம் தெரியாது, ஓரமும் தெரியாது. ஆப்டிக்கல் வகை எதையும் வெட்டாது. லென்ஸுக்குள்ளே ஒரு கண்ணாடி மிதந்துகொண்டிருக்கும். கை ஒரு பக்கம் போனால் அது மறுபக்கம் போகும். வெளிச்சம் குறைந்த இடத்தில் இரண்டாவது நன்றாக வேலை செய்யும். விலையும் கூடுதல். இவற்றைப் பூங்கோதை சொல்லவில்லை. பொன்னுரங்கம் விளக்கப் புத்தகத்தில் ஏற்கெனவே படித்திருந்தார்.

"சரி டீச்சர், ரெண்டுல எது நல்லது?"

"ரெண்டு டீயையும் நான் குடிச்சிட்டேன். ரெண்டு கேமராவையும் நீங்க எடுத்துட்டுப் போங்க."

*

முதலில் சிறிய கேமரா. எலக்ட்ரானிக்.

அடுத்த விடுமுறையன்று பொன்னுரங்கம் பாலத்தின் நடுவில் போய் நின்றார். கைப்பிடிச் சுவரில், தூணுக்கு நேர் மேலே ஒரு விரிசல் இருந்தது. அதைப் படத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். எதிர்க் கரையும் தெரிந்தது. பஸ் வந்தது. அன்றைக்கு வேறு கண்டக்டர்.

ஜன்னலிலிருந்து ஆரோக்கியமேரி தலையை நீட்டினார். தேயிலை பறிப்பவர். தினமும் அதே பஸ், அதே கடைசி சீட்.

"என்ன கண்டக்டரே, பாலத்துக்குக் கல்யாணமா?"

"சும்மா போ மேரியக்கா, குரல் பதிவாகுது."

"பதியட்டும். பொண்ணு யாருன்னும் சேர்த்துப் போடு."

பஸ் தாண்டியது. பொன்னுரங்கத்தின் காலடியில் பாலம் இறங்கி ஏறியது. அவர் கை நடுங்காமல் எடுத்து முடித்தார்.

ஏ.இ. அலுவலகத்தில் படத்தைப் போட்டுக் காட்டினார். அது இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருந்தது. எதிர்க் கரை அசையவில்லை. சுவர் அசையவில்லை. பஸ் மட்டும் போனது.

"நல்லா எடுத்திருக்கீங்க. பாலம் பாறை மாதிரி நிக்குதே" என்றார் கனகசபாபதி.

"சார், கால்ல தெரிஞ்சுது சார்."

"படத்துல தெரியலையே."

"ஒரு விரிசல் இருந்துச்சு சார், ஓரத்துல..."

இருவரும் தேடினார்கள். வெட்டுப்பட்ட ஓரத்தோடு அதுவும் போயிருந்தது.

பொன்னுரங்கம் நேராக மாடிக்கு வந்தார். பூங்கோதை ஒரு கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பாலம் ஆடுச்சு டீச்சர். படத்துல ஆடல."

"எங்கே நின்னு எடுத்தீங்க?"

"பாலத்து மேலதான்."

"பாலம் ஆடினப்ப நீங்க?"

"நானும்தான் ஆடினேன்."

"கேமரா?"

பொன்னுரங்கம் கையிலிருந்த கேமராவைத் திருப்பிப் பார்த்தார்.

தன்னைப் பிடித்திருந்த கைதான் ஆடுகிறது என்று கேமரா நினைத்துக்கொண்டது. அதன் வேலை அந்த ஆட்டத்தைத் துடைப்பது. துடைத்துவிட்டது.

"அப்போ ஆப்டிக்கல்தான் நல்லது" என்றார் பொன்னுரங்கம்.

பூங்கோதை தாலி கட்டும் இடத்தை மறுபடியும் ஓடவிட்டார்.

*

இந்த முறை பொன்னுரங்கம் பாலத்தின் மேல் நிற்கவில்லை. கரையோரப் பாறையில் ஸ்டாண்டை நிறுத்தினார். பெரிய கேமராவை அதன்மேல் பொருத்தினார். கையே படவில்லை. ஸ்டெபிலைசர் பொத்தானை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தார். வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

பஸ் வந்தது. தூணுக்கு மேலே பாலம் இறங்கி ஏறியதை அவர் தன் கண்ணால் பார்த்தார். பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் சந்தோஷப்பட்டார். இனி ஏ.இ. மறுக்க முடியாது.

அலுவலகத்தில் இந்தத் தடவை நாலு பேர் கூடி நின்று பார்த்தார்கள். படத்தில் பாலம் மெல்ல மேலே போனது, மெல்லக் கீழே வந்தது. பஸ் வருவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது. பஸ் போன பிறகும் அப்படித்தான். பாறையும் மேலே போய்க் கீழே வந்தது. கரையிலிருந்த சில்வர் ஓக் மரங்களும்.

"என்னய்யா இது, மலையே ஆடுது" என்றார் ஒரு கிளார்க். "மொத்தமா எல்லாரையும் சமவெளிக்கு எறக்கிடலாமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். கனகசபாபதி சிரிக்கவில்லை. அதுதான் பொன்னுரங்கத்தை அதிகம் உறுத்தியது.

"கண்டக்டரே, நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நெனைக்கல. ஆனா இதை வெச்சு மேலே எழுதினா என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. அடுத்த வாரம் மழை இறங்கிடும். அப்புறம் தண்ணி வடிஞ்சுதான் பார்க்கணும்."

"வடியறதுக்கு செப்டம்பர் ஆகிடும் சார்."

"ஆகும்."

மாடிப்படியில் பொன்னுரங்கத்தின் காலடி வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டது.

"பாறை ஆடுது டீச்சர்! ஸ்டாண்டுல வெச்சு எடுத்தேன், பாறை ஆடுது!"

"ஸ்டெபிலைசர் போட்டிருந்தீங்களா?"

"போடாமயா?"

"ஸ்டாண்டுல வெச்சா அதை அணைச்சிடணும். இந்தக் கேமரா பழசு. ஆட்டமே இல்லைன்னா அது சும்மா இருக்காது. இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானா அலையும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"எது நல்லதுன்னு கேட்டீங்க. எப்ப அணைக்கணும்னு கேக்கலையே."

பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்தது. கேமராவை மேசைமேல் வைத்தார். கொஞ்சம் ஓசையோடு வைத்தார்.

"டீச்சர், இது பாடம் இல்ல. அறுபது பேர் போற பஸ். உங்களுக்குச் சொல்லிக் குடுக்க நேரம் கிடைக்கும். பாலத்துக்கு நேரம் இல்ல."

பூங்கோதை அவரை நிமிர்ந்து பார்த்தார். முகம் மாறியது. பிறகு எழுந்து ஸ்டுடியோ விளக்கை அணைத்தார்.

"நீங்க சொல்றது சரி, அண்ணே. நாளைக்குக் காலையில நானும் வர்றேன்."

"எந்தக் கேமரா எடுத்துக்கட்டும்?"

"எது பக்கத்துல இருக்கோ அது. கீழே டீக்கடையில மூணு கிளாஸும் ஒரு பிளாஸ்க் டீயும் வாங்கிக்குங்க."

*

காலையில் மேகம் தாழ்ந்திருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை.

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த கைப்பிடிச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. பூங்கோதை அதன்மேல் மூன்று கிளாஸ்களை வைத்தார். ஒன்று இந்தக் கரைச் சுவருக்கு மேலே. ஒன்று அந்தக் கரைச் சுவருக்கு மேலே. ஒன்று நடுத் தூணுக்கு மேலே. மூன்றிலும் விளிம்பு வரை டீயை ஊற்றினார். பிறகு கரைக்கு வந்து, மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினார்.

பஸ் பாலத்துக்கு முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு லீவு போட்டிருந்த பொன்னுரங்கம் டிரைவரிடம் முன்பே சொல்லியிருந்தார். பயணிகளை இறங்கச் சொன்னார். அவர்கள் முனகிக்கொண்டே இறங்கினார்கள்.

ஆரோக்கியமேரி இடுப்பில் கை வைத்து நின்றார். "இது என்ன நியாயம் கண்டக்டரே? காசு குடுத்த நாங்க எறங்கி நடக்கணும். டீ மட்டும் பாலத்து மேல சொகுசா உக்காந்திருக்கணுமா?"

"ஒரு நிமிஷம்க்கா. பஸ் மட்டும் போகட்டும். அப்புறம் நடந்து போய் ஏறிக்கலாம்."

"அந்த டீ யாருக்கு?"

"ஏ.இ. சாருக்கு."

"அவர் எங்கே?"

"வருவார்."

பொன்னுரங்கம் கேமராவிடம் வந்தார். விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"டீச்சர், ஸ்டெபிலைசர் போடட்டுமா, அணைக்கட்டுமா?"

"போட்டாலும் சரி, அணைச்சாலும் சரி. சிந்தின டீயை அதால திரும்ப ஊத்த முடியாது."

காலி பஸ் பாலத்தில் ஏறியது. இந்தக் கரையின் டீ லேசாக நெளிந்து அடங்கியது, அவ்வளவுதான். பஸ் நடுவுக்குப் போனது. நடு கிளாஸ் ஒரு முறை குனிந்ததுபோல் இருந்தது. டீ வழிந்து வெள்ளைச் சுவரில் பழுப்புக் கோடாக இறங்கியது. பஸ் கடந்தது. அந்தக் கரையின் கிளாஸ் நிறைந்தபடியே நின்றது.

இறங்கியவர்கள் யாரும் பஸ்ஸை நோக்கி நடக்கவில்லை. மேரியக்கா கூட.

*

கனகசபாபதி படத்தை மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை நடு கிளாஸை மட்டும் பார்த்தார். எழுந்து ஜீப் சாவியை எடுத்தார்.

பாலத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நடுத் தூணின் அடியில் குனிந்து கையை விட்டார். முழங்கை போனது. பிறகு தோள் வரை போனது. அடியில் இருந்திருக்க வேண்டிய கல்லும் மண்ணும் அங்கே இல்லை.

மாலைக்குள் பாலத்தின் இரு முனையிலும் சங்கிலி கட்டினார்கள். பஸ் இந்தக் கரையோடு நின்றது. அந்தக் கரைக்கு வேறு பஸ் ஒன்று சுற்றுவழியில் வரவழைக்கப்பட்டது. தூணைச் சரிசெய்யும்வரை பயணிகள் ஒவ்வொருவராக நடந்து கடக்கலாம் என்று உத்தரவு.

முதல் மழைத்துளி விழும்போது மக்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் சங்கிலியருகே நின்று ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பினார். பூங்கோதை சுவரிலிருந்து கிளாஸ்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஏ.இ. ஈரக் கால்சட்டையோடு குறிப்பு எழுதினார்.

"கண்டக்டரே, இது எவ்வளவு நாளா ஆடுது?"

"போன மாசத்துல இருந்து சார்."

"போன மாசமா?" வரிசையில் நின்ற ஆரோக்கியமேரி திரும்பினார். "யாரு சொன்னா? இது மூணு மழையா குதிக்குது சார். கடைசி சீட்ல உக்காந்தா தெரியும்."

"ஆமா சார்" என்றார் பின்னால் நின்றவர். "பாலம் வந்தா பிள்ளைங்க 'ஊஞ்சல், ஊஞ்சல்'னு கத்தும்."

ஏ.இ. எழுதுவதை நிறுத்தினார்.

பொன்னுரங்கம் மேரியக்காவைப் பார்த்தார். "ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"உன்கிட்டயா? நீதான நாளுக்கு எட்டு தடவ போற. உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சோம்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் நடந்தார்.

வரிசை குறைந்தது. கடைசி ஆளும் கடந்தார். ஜீப் போனது. மழை சுவரில் இருந்த பழுப்புக் கோட்டைக் கழுவியது.

பொன்னுரங்கம் சங்கிலியைப் பிடித்தபடியே நின்றார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"பிள்ளைங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. மூணு வருஷமா அந்தப் பஸ்ஸுல நானும்தான் இருந்தேன். எனக்கு ஏன் தெரியல?"

பூங்கோதை கடைசி கிளாஸையும் பையில் போட்டு, அதன் வாயைக் கட்டினார்.

"எது ஆடினாலும் நீங்க நல்லா நிப்பீங்க, அண்ணே."